சுவரைப் பார்த்து நிற்கும் மகள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். வீட்டிலும் தினமும் ஒரு மணி நேரம், சுடாமல், ரைபிளைப் பிடித்தபடி சுவரையே பார்த்து நிற்கிறாள். இப்போது பள்ளியை விட்டுவிட்டு முழுநேரமும் பயிற்சி, கூடவே வெளிநாட்டு ரைபிள் வேண்டும் என்கிறாள். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: முதலில் அந்தச் சுவர் விஷயம். பயப்படாதீர்கள் அம்மா, அதற்கு டிரை ஃபயரிங் என்று பெயர். பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போடாமல் குறி பார்த்து, மூச்சை நிதானப்படுத்தி, டிரிக்கரை அழுத்திப் பழகுவது. அவள் அடிக்க வேண்டிய, இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர்தான். பேனா முனையால் தொட்டு வைத்த புள்ளி அளவு. தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 முறை அதைக் குறி வைக்க வேண்டும். கையில் ஐந்து கிலோவை ஒட்டிய ரைபிள், உடம்பில் விறைத்த ஜாக்கெட், பேன்ட். சென்னை மே மாதத்தில் அதைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்! சாம்பியன்களின் வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படி நிற்பதுதான். யாரும் சொல்லாமலே உங்கள் மகள் நிற்கிறாள் என்றால், பதக்கத்தைவிட அதையே நான் பெரிதாக நினைப்பேன்.

ஆனால் பள்ளியை விட வேண்டாம். இருபது வயதில் முடிந்துபோகிற விளையாட்டல்ல இது. ரைபிள் வீரர் அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஏழாவது. தங்கம் வந்தது 2008 பெய்ஜிங்கில். டோக்கியோவில் போட்டி நடுவே பிஸ்டல் பழுதாகித் தவித்த மனு பாக்கர், 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். அதே பாரிஸில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே அப்போது ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தார். பிளஸ் டூ சான்றிதழ் கையில் இருந்தால் இப்படி ஒரு வேலைக்கும் வழி இருக்கும்.

வெளிநாட்டு ரைபிள் இப்போதைக்கு வேண்டாம். ஜாக்கெட் அளவு சரியாக இருக்கிறதா என்று கோச்சிடம் கேளுங்கள். வளரும் பிள்ளை, அது தொளதொளத்தாலோ இறுகினாலோ நிற்கும் நிலையே மாறிவிடும். காசு இருந்தால் முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

மாமியாரிடம், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே ரைபிளில் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக் போய் வந்த கதையைச் சொல்லுங்கள். அப்புறம் அவரிடமே ஒரு பொறுப்பையும் கொடுங்கள்: ரைபிள் எப்போதும் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், எடுத்ததும் உள்ளே பெல்லட் இல்லை என்று பார்க்க வேண்டும், விளையாட்டுக்குக்கூட யார் பக்கமும் திருப்பக் கூடாது. இதில் அவர் எவ்வளவு கண்டிப்பு காட்டினாலும் தகும்.