பழைய காரில் எஞ்சினுக்கு அடியில் வரும் பிளாஸ்டிக் தட்டு எதற்கு? இல்லாமல் ஓட்டலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், குனிந்து பார்த்தால் எஞ்சினும் அதன் அடியில் ஆயில் தேங்கும் கிண்ணமான ஆயில் சம்ப்பும் அப்படியே வெளியே தெரிகின்றன, ஒரு ஓரத்தில் மட்டும் உடைந்த கருப்பு பிளாஸ்டிக் துண்டு தொங்குகிறது. மெக்கானிக் "அதைப் பிடுங்கிப் போட்டுவிடலாம், ஒன்றும் ஆகாது" என்கிறார். அது எதற்கு இருக்கிறது, திரும்பப் போட வேண்டுமா?

போடுங்கள். வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைக்கும் அளவுக்கு அவசரம் இல்லை, சில வாரம் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் கெட்டுப்போகாது. ஆனால் அந்தத் தொங்கும் துண்டை மட்டும் இன்றே கழற்றிவிடுங்கள், ஏனென்றால் தட்டு இல்லாத காரை விட பாதி தொங்கும் தட்டோடு ஓடும் கார்தான் ஆபத்து. வேகமாகப் போகும்போது முன் விளிம்பு கீழே இறங்கினால் எதிர்க்காற்று முழுவதும் அதற்குள் புகுந்து மிச்ச கிளிப்புகளையும் பிய்த்துவிடும். அது முன் டயருக்கு அடியில் போய் மாட்டினால் சக்கரத்துக்கு மேலே உள்ள லைனரையும் பக்கத்தில் போகும் ஒயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும், முழுதாகக் கழன்று சாலையில் விழுந்தால் பின்னால் பைக்கில் வருபவருக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இது எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் இதை "கல் படாமல் இருக்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது இதன் வேலையில் சிறிய பங்குதான். முக்கியமான வேலை தண்ணீரையும் மண்ணையும் தடுப்பது, அதிலும் குறிப்பாக ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) போன்றவற்றைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் இருக்கும் பக்கத்தில். இன்றைய பெரும்பாலான சிறிய கார்களில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டிருக்கும், அதனால் எஞ்சினின் பெல்ட் ஓடும் முனை ஒரு முன் சக்கரத்தைப் பார்த்தபடி இருக்கும். ஈரமான சாலையில் அந்தச் சக்கரம் தண்ணீரை வாரி வாரி உள்பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு பக்கவாட்டு தட்டு இருந்தால் தண்ணீர் அதில் பட்டு வழிந்துவிடும், இல்லாவிட்டால் நேராக பெல்ட்டைச் சுற்றவைக்கும் சக்கரமான கிராங்க் புல்லியிலும் பெல்ட்டிலும்தான் போய் விழும்.

பெல்ட் நனைந்தால் என்ன என்று கேட்கலாம். இப்போதைய பெல்ட்டின் உள்பக்கத்தில் நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளங்கள் இருக்கும், அவை புல்லியின் பள்ளங்களோடு கச்சிதமாகப் பொருந்தி உராய்வினால்தான் சுற்றுகின்றன, பற்கள் கிடையாது. நடுவில் தண்ணீர் புகுந்தால் வழுக்கும். மழையில் சில கார்கள் கிறீச் என்று கத்திக்கொண்டு போவதைக் கேட்டிருப்பீர்கள், பெல்ட் தேய்ந்திருப்பதும் காரணமாகலாம், ஆனால் புது பெல்ட் போட்ட பிறகும் மழையில் மட்டும் கத்துகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது அந்தப் பக்கவாட்டு தட்டு இருக்கிறதா என்றுதான். பெல்ட் வழுக்கினால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது, பேட்டரி விளக்கு மினுக்கும், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் என்றால் திருப்பும்போது திடீரென்று கனக்கும், அதே பெல்ட்டில் வாட்டர் பம்பும் ஓடும் எஞ்சின் என்றால் சூடேறுவது வரை போகலாம்.

தண்ணீராவது காய்ந்துவிடும், மணல் அப்படியே தங்கும். பெல்ட் வரிகளுக்குள் போன மணல் பெல்ட்டையும் புல்லியையும் தேய்த்துக்கொண்டே இருக்கும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர் ஆகிய புல்லிகளின் பேரிங்கில் சேறு புகுந்தால் நாளடைவில் உறுமல் சத்தம் வரும். சின்னக் கல் ஒன்று பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் சிக்கினால் ஒரு வரி அறுந்து பெல்ட்டே கழன்று போகலாம். உங்கள் காரில் அடித் தட்டு இல்லை என்பதை விட இந்தப் பக்கவாட்டு தட்டு இருக்கிறதா இல்லையா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி வைத்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், அப்புறம் மறுபக்கமும் அதேபோல் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் புல்லியும் பெல்ட்டும் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் அந்தத் தட்டு போய்விட்டது என்று அர்த்தம். அடித் தட்டை வாங்கிப் போட்டுவிட்டு இதை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

அதற்கு அடுத்தபடியாக ஒயர்களும் சென்சார்களும். ஸ்டார்ட்டர் மோட்டார், ஏசி கம்ப்ரஸர், ஆக்சிஜன் சென்சார், கிராங்க் சென்சார் என்று பல பொருட்கள் எஞ்சினின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. கனெக்டர்களில் ரப்பர் சீல் இருக்கும், ஒரு மழைக்கு ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் சேறு அப்பி, காய்ந்து, மறுபடி நனைந்து கொண்டிருந்தால் பின்கள் பச்சை பூத்து, எப்போதாவது மட்டும் வரும் கோளாறுகள் ஆரம்பிக்கும். கண்டுபிடிக்க மிகவும் கஷ்டமான கோளாறுகள் அவைதான். சென்சாரை மாற்றுவோம், எஞ்சின் விளக்கு அணையும், அடுத்த மழையில் மறுபடி எரியும்.

"தட்டைக் கழற்றினால் எஞ்சினுக்குக் காற்றோட்டம் கிடைக்கும், சூடு குறையும்" என்று சொல்பவர்கள் நிறைய பேர். கேட்க நியாயமாகத்தான் தெரியும், ஆனால் காற்று அப்படிப் போவதில்லை. முன் கிரில்லில் நுழையும் காற்று ரேடியேட்டரைத் தாண்டி, எஞ்சின் அறையின் பின்பக்கமாகக் கீழே வெளியேற வேண்டும். கீழே அழுத்தம் குறைவாக இருந்தால்தான் அது இழுக்கப்பட்டு வெளியே போகும். தட்டு இல்லாமல் அடிப்பக்கக் காற்று எஞ்சின் அறைக்குள் மேலேறிக் கொந்தளித்தால், ரேடியேட்டர் வழியாக வர வேண்டிய காற்றுக்கு வெளியேற வழி குறைகிறது. எல்லா காரிலும் வெப்பநிலை முள்ளில் இது தெரியாது, ஆனால் தட்டையும் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்ட காரில் அதைக் கழற்றினால் குளிர்ச்சி கூடும் என்று நினைப்பது தவறு. அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் காற்றின் எதிர்ப்பு குறைந்து எரிபொருளும் கொஞ்சம் மிச்சமாகும். பல டீசல் கார்களில் தட்டின் உள்பக்கம் ஃபெல்ட் போன்ற ஒன்று ஒட்டியிருக்கும், அது சத்தத்தைக் குறைப்பதற்கு.

இது செய்யாத வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். கரடுமுரடான பாதையில் ஓடும் ஜீப் மாதிரி வண்டிகளுக்கு வரும் இரும்புத் தட்டு வேறு, இது வேறு. வேகத்தடையில் சம்ப் இடித்தால் இந்த பிளாஸ்டிக் ஒன்றும் காப்பாற்றாது. இதன் மேல் ஜாக்கி வைக்கவே கூடாது. தேங்கிய தண்ணீரில் இறங்கினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போவது காற்று உறிஞ்சும் குழாய் வழியாக, அதை இந்தத் தட்டு தடுக்காது. சொல்லப்போனால் வெள்ளத்தில் ஓட்டினால் தண்ணீரின் அழுத்தத்தில் முதலில் பிய்ந்து போவதே இந்தத் தட்டுதான், அதுவும் தண்ணீரில் ரிவர்ஸ் எடுத்தால் பின் விளிம்பு தண்ணீரை வாரிக்கொண்டு சீக்கிரமே உடையும்.

இனி பழைய கார் விஷயம். இன்னொரு கார் பார்க்கப் போனாலும் இது உங்களுக்கு உதவும். இந்தத் தட்டு ஒரு காரின் கடந்த காலத்தைப் பற்றி நிறையச் சொல்லும். பல கார்களில் ஆயில் மாற்ற இதைக் கழற்றியாக வேண்டும் அல்லது இதில் உள்ள சின்ன மூடியைத் திறக்க வேண்டும். கழற்றியவர் திரும்பப் போடும்போது கிளிப் உடைந்தால் புதிது போடாமல் விட்டுவிடுவார், அடுத்த முறை இன்னும் இரண்டு போகும், மிச்சமிருப்பது வேகத்தடையில் உரசிக் கழன்றுவிடும். தட்டு காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். அதை மட்டும் வைத்து அந்த காரை ஒதுக்க மாட்டேன், ஆனால் தட்டையே திரும்பப் போடாத கை மற்ற வேலைகளை எப்படிச் செய்திருக்கும் என்று யோசித்து, ட்ரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் போல்ட்), ஃபில்டர் பக்கமெல்லாம் கொஞ்சம் அதிக கவனத்தோடு பார்ப்பேன்.

மாறாக, கார் முழுக்கப் பழையது, தட்டு மட்டும் பளபளவென்று புதிது என்றால் முன்பக்கம் அடிபட்டுச் சரிசெய்ததா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், ஹெட்லைட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அவர் தட்டு உடைந்ததால் மாற்றியிருக்கலாம், அது நல்ல அறிகுறிதான்.

இதையெல்லாம் விட முக்கியம் ஆயில் கசிவு. தட்டு இருக்கும் காரில் கசியும் ஆயில் தரையில் சொட்டாது, தட்டிலேயே தேங்கும். விற்பவர் நிறுத்தியிருந்த இடத்தில் தரை சுத்தமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. முடிந்தால் தட்டைக் கழற்றி அதன் மேல் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், காய்ந்த தூசி மட்டும் இருந்தால் நிம்மதி. கருப்பாக ஈரம் இருந்தால் எஞ்சின் ஆயிலா, சிவப்பாக வழவழப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலா பவர் ஸ்டீயரிங் ஆயிலா, இனிப்பு வாசனையோடு நிறம் கலந்து இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டா என்று அங்கேயே விசாரிக்கலாம். ஃபெல்ட் ஒட்டிய தட்டு ஆயிலில் ஊறியிருந்தால் அதைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும், சைலன்சர் குழாயின் சூட்டுக்குப் பக்கத்தில் ஆயிலில் ஊறிய துணி மாதிரியான ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

உங்கள் காருக்கு வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே காரில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும், மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் தட்டு மாறலாம், அதனால் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பாருங்கள். கம்பெனி தட்டுதான் வேண்டும் என்று இல்லை, வெளித் தயாரிப்பும் போதும், ஆனால் ஓட்டைகள் நேராகப் பொருந்துகிறதா, ட்ரெயின் போல்ட்டுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உடைத்த கார்களின் உதிரி பாகங்கள் விற்கும் இடத்தில் நல்ல தட்டு கிடைத்தால் அதுவும் சரிதான். கிளிப்புகளையும் போல்ட் ஏறும் இரும்பு நட்டு கிளிப்புகளையும் மட்டும் புதிதாக வாங்குங்கள், பழையதில் துரு ஏறியிருக்கும். உங்களிடம் இருக்கும் துண்டில் விரிசல் மட்டும்தான் என்றால் விரிசல் முடியும் இடத்தில் சின்ன ஓட்டை போட்டால் அது மேலும் நீளாது, ஓட்டை பெரிதாகிவிட்ட இடத்தில் அகலமான வாஷர் வைத்து முறுக்கலாம். கேபிள் டை கட்டுவது தற்காலிகத்துக்கு சரி, சைலன்சர் பக்கத்தில் கட்டினால் உருகிவிடும்.

பிளாஸ்டிக்குக்குப் பதில் இரும்புத் தட்டு போடலாமா என்றும் கேட்பீர்கள். கரடுமுரடான பாதையில் தினமும் போகிறவர் போடலாம். சாதாரண சாலையில் ஓடும் காருக்கு நான் சொல்ல மாட்டேன்: எடை கூடும், அதிரும், காற்று வெளியேற ஓட்டைகள் சரியாக இல்லாவிட்டால் சூடும் சேறும் உள்ளேயே தங்கும்.

பொருத்துவது கஷ்டமான வேலை இல்லை, ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வைத்து, எஞ்சின் ஆறிய பிறகு போங்கள். எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டு அப்புறம்தான் முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி ஓட்டை ஒத்து வராது. முன் விளிம்பு பம்பரின் உதட்டுக்கு மேலே போக வேண்டுமா கீழே போக வேண்டுமா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், தவறாகப் போட்டால் காற்று உள்ளே புகுந்து மறுபடி கிழியும். முடித்ததும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி டயர் எங்காவது உரசுகிறதா, சைலன்சர் குழாய்க்கும் தட்டுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து போல்ட்டுகளைத் திரும்ப ஒருமுறை முறுக்குங்கள். அடுத்த ஆயில் மாற்றத்துக்கு விடும்போது தட்டில் எத்தனை போல்ட், எத்தனை கிளிப் இருக்கிறது என்று போட்டோ எடுத்து வைத்து, வண்டியை எடுக்கும்போது குனிந்து எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தாலும் அங்கேயே போடச் சொல்லுங்கள்.