திரும்பி வரும்போது குழந்தை எங்கே?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கிடைத்த ஆதிகாலக் காலடித் தடங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஒருத்தி போகும்போது இடுப்பில் குழந்தை, வரும்போது இல்லை. அதற்கு என்ன ஆயிற்று? பலி கொடுத்திருப்பார்கள் என்கிறார் என் கணவர். நீங்கள் ஏன் எதுவும் சொல்லவில்லை?

வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

தடத்தில் இல்லாததால்தான் சொல்லவில்லை. இருப்பதே போதுமான அளவு இருக்கிறது.

அந்தத் தடங்கள் இருப்பது நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில், வற்றிப்போன பழைய ஏரிப் படுகையில். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு ஒருத்தி (பதின்வயதுப் பையனாகவும் இருக்கலாம் என்கிறார்கள்) வழுக்கும் சேற்றில் ஒன்றரை கிலோமீட்டர் போல நேர்கோட்டில் விரைந்து போயிருக்கிறாள். ஒரு பக்கம் சுமை இருந்ததால் தடங்கள் இரு பக்கமும் ஒன்றுபோல இல்லை. நடுநடுவே சின்னஞ்சிறு காலடிகள். மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளை. கை கடுத்து இறக்கிவிட்டிருப்பாள், அப்புறம் மறுபடி தூக்கியிருப்பாள். பிள்ளையைச் சுமந்து நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவள் போனபின் ஒரு மாமூத் யானையும் ஒரு ராட்சத ஸ்லாத்தும் (அழிந்துபோன பெரிய தரைவாழ் விலங்கு) அந்தத் தடங்களைக் குறுக்காகக் கடந்தன. யானை கண்டுகொள்ளவில்லை. ஸ்லாத் மட்டும் பின்னங்காலில் எழுந்து நின்று சுற்றிப் பார்த்திருக்கிறது, மனித வாடை பட்டிருக்க வேண்டும். அவற்றின் தடங்களை மிதித்தபடி அவள் திரும்பி வருகிறாள். போய் வந்ததற்கு நடுவே சில மணி நேரமாவது ஆகியிருக்கும். 2020இல் வெளியான ஆய்வு சொல்வது இவ்வளவுதான்.

பலி என்றதும் எனக்கு பிரான்ஸின் துக் தோதூபேர் குகை நினைவுக்கு வந்தது. களிமண்ணில் செய்த காட்டெருமைகள் இருக்கும் அந்தக் குகையில் வெறும் குதிகால் தடங்கள் கிடைத்தன. அறிஞர்கள் சடங்கு, நடனம் என்றெல்லாம் எழுதினார்கள். 2013இல் நமீபியாவிலிருந்து, காலடி பார்த்து வேட்டையாடும் சான் மக்கள் மூவரை அழைத்துப்போய்க் காட்டினார்கள். பெரியவர் ஒருவரும் பையன் ஒருவனும் பள்ளத்தில் களிமண் எடுக்க வந்து போன தடம் இது என்றார்கள் அவர்கள். எனக்கு நம்பிக்கை அவர்கள் பக்கம்தான். நமக்குப் புரியாத எல்லாவற்றையும் சடங்கில் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம்.

குழந்தை இறந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் எந்தத் தாயின் தடமும் இப்படித்தான் இருக்கும். உங்கள் கணவரிடம் கேளுங்கள், அவரை அவருடைய அம்மா எத்தனை நாள் அப்படி விட்டுவிட்டுப் போனார் என்று.