ஏட்டிலிருந்து எழுந்து வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன். கார்னிலியா ஃபுங்கேயின் ‘இங்க்ஹார்ட்’ நாவலை மகளிடமிருந்து பிடுங்கி, பஸ்ஸிலேயே படித்து முடித்தேன். மோ என்பவன் வாய்விட்டுப் படித்தால் கதைமாந்தர்கள் உயிரோடு வந்து நிற்கிறார்கள். எனக்கு இது வெறும் மாயாஜால வேடிக்கையாகத்தான் பட்டது. நம் இலக்கியத்துக்கு இந்த வித்தையெல்லாம் ஒட்டுமா? இதன் படத்தைப் பார்க்கலாமா என்று மகள் நச்சரிக்கிறாள்.

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள வாசகிக்கு,

பாதி நாவலுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். மோ படித்ததால் ஏட்டிலிருந்து வெளியே வந்த வில்லன் காப்ரிகார்னின் அடியாட்கள் துரத்துவதும் மோவும் மகளும் ஓடுவதும் எனக்கும் அலுத்தது. ஆனால் அந்த வித்தைக்கு ஃபுங்கே ஒரு விலை வைத்திருக்கிறார். காப்ரிகார்ன் வெளியே வந்த இரவில் மோவின் மனைவி ஏட்டுக்குள் போய்விடுகிறாள். மகள் மெகிக்கு அப்போது மூன்று வயது. மோ புத்தகம் கட்டும் தொழில் செய்பவன். வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் புத்தகங்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயதாகியும் ஒரு கதைகூட அவன் வாய்விட்டுப் படித்துக் காட்டியதில்லை. இதையா வேடிக்கை என்கிறீர்கள்?

டஸ்ட்ஃபிங்கரை நீங்கள் குறிப்பிடவே இல்லை. அவனும் அதே ஏட்டிலிருந்து வந்தவன்தான். நெருப்பை வைத்து வித்தை காட்டிப் பிழைக்கும் அவனுக்கு நம் உலகம் பிடிக்கவில்லை, கதைக்குள் இருக்கும் தன் ஊருக்குத் திரும்ப வேண்டும். அதற்காக மோவைக் காட்டியும் கொடுக்கிறான். அவனைப் படைத்த ஃபெனோக்லியோ என்ற கிழவர் அவனை நேரில் கண்டு பூரித்துப்போகிறார். அவனோ மிரள்கிறான். தன் சாவை எழுதிவைத்த ஆள் எதிரே நின்றால் யாருக்குத்தான் கைகால் உதறாது? எழுதுகிறவர்கள் அனைவரும் (நானும்தான்) படிக்கவேண்டிய இடம் அது.

ஒட்டுமா என்று கேட்கிறீர்கள். ஒட்டி வெகுகாலம் ஆயிற்று, அதுவும் உங்கள் ஊர்க்காரர்கள் கையால். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் கடவுளையே சென்னைத் தெருவில் கந்தசாமிப் பிள்ளையோடு நடக்கவிட்டார். உங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1966-ல் வந்த ‘அக்கினிப் பிரவேச’த்தில், காரில் ஒருவனிடம் சிக்கிச் சீரழிந்து வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். பிறகு எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளில் அதே தாய் ஊரைக் கூட்டிவிடுகிறாள்; பெண்ணின் வாழ்க்கை திசைமாறுகிறது. கங்கா என்ற அந்தப் பெண் ஒருநாள் பத்திரிகையில் ‘அக்கினிப் பிரவேச’த்தைப் படிக்கிறாள். அதை எழுதிய ஆர்.கே.வி.யும் நாவலில் ஒரு பாத்திரம். கதையில் வரும் பெண்ணுக்கு வாய்த்த தாய் தனக்கு வாய்க்கவில்லையே என்று ஒரு பாத்திரமே வாசகியாக உட்கார்ந்து வேகிறது. மந்திரம், மாயம் எதுவும் தேவைப்படவில்லை. ஃபெனோக்லியோவுக்கு ஆர்.கே.வி. மூத்தவர் என்பேன்.

படத்தை மகள் தாராளமாகப் பார்க்கட்டும், நாவலை முடித்த பிறகு. 2008-ல் வந்த அந்தப் படத்தில் டஸ்ட்ஃபிங்கரை இறுதியில் ஊருக்கு அனுப்பிவைத்துவிடுகிறார்கள். முதல் நாவலில் அவனுக்கு அது கிடைப்பதில்லை; புத்தகத்தைத் திருடிக்கொண்டு போகிறான், அவ்வளவுதான். அதற்காகவே நான் நாவலின் கட்சி.