பைபிள் ஜர்னலிங் தொடங்க ஆசை. தமிழ் பைபிளில் மை ஊறாமல், தாள் சுருங்காமல் எப்படிச் செய்வது?

கேள்வியின் சுருக்கம்: வேலைக்குப் போகும் இளம்பெண், தோழிகள் நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒருநாள் வேதம் வாசித்து, மனதில் பட்டதை வரைந்தும் எழுதியும் வைக்க விரும்புகிறார்கள். என்ன வாங்குவது, எங்கே சொதப்பும், "வேதத்தில் கிறுக்குவதா?" என்று கேட்கும் பாட்டிக்கு என்ன சொல்வது?

இணையத்தில் பார்க்கிற அழகான படங்களில் இருப்பவை பெரும்பாலும் இதற்கென்றே அச்சடித்த ஆங்கில பைபிள்கள். பக்கவாட்டில் இரண்டு அங்குலம்வரை வெற்றிடம் விட்டிருப்பார்கள், தாளும் சற்றுத் தடிமன். நம் வீட்டுத் தமிழ் பைபிள் வேறு ஜாதி. பக்கத்துக்கு இரண்டு பத்தி, ஓரத்தில் விரல் அகலத்துக்கு இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அறுபத்தாறு ஆகமங்களையும் ஒரே கட்டுக்குள் அடக்க வேண்டியிருப்பதால் தாள் 30, 40 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவில்தான் இருக்கும். ஜெராக்ஸ் தாள் 70, 75. அதில் பாதி கனமுள்ள தாளில் வாட்டர் கலரைத் தொட்டு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் என் பரிந்துரை: பக்கத்தின்மேல் கோடு போடுங்கள், குறிப்பு எழுதுங்கள், படம் மட்டும் தனித்தாளில் வரைந்து உள்ளே ஒட்டுங்கள்.

பக்கத்தின்மேல் எழுத மூன்றே பொருள் போதும். ஒன்று, கலர் பென்சில். அழுத்தாமல் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் வசனம் மறையாது, பின்பக்கமும் ஊறாது. இரண்டு, பிக்மென்ட் மை உள்ள 0.1 அல்லது 0.2 நுனிப் பேனா, காய்ந்தபின் கலங்காது. மூன்று, உருட்டுக் குச்சி மாதிரி வரும் ஜெல் ஹைலைட்டர். வழக்கமான ஹைலைட்டரும் ஸ்கெட்ச் பேனாவும் பின்பக்கத்தில் நிழலடிக்கும். ஆல்கஹால் மார்க்கர் அடுத்த இரண்டு பக்கத்துக்கும் இறங்கும். ஜெல் பேனா பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வழவழப்பான தாளில் காய நேரமாகும். உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் அச்சாகிவிடும். மெழுகு கிரேயானும் இதே கதைதான். பால்பாயின்ட் ஊறாது, ஆனால் கீழே நாலு பக்கத்துக்குத் தடம் பதியும். எழுதும் தாளுக்கு அடியில் ஒரு ஓ.எச்.பி. ஷீட்டையோ பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையையோ செருகிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பேனாவானாலும் முதலில் கடைசிப் பக்க அட்டவணையின் மூலையில் சோதித்துப் பாருங்கள். பென்சிலை அழிக்கும்போது தாளை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, தைத்த பக்கத்திலிருந்து வெளியே ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் மடிந்து கிழியும்.

இனி ஒட்டுத்தாள். ட்ரேசிங் ஷீட் நல்லது, அடியில் வசனம் மங்கலாகத் தெரியும். பக்கத்தின் அளவைவிட மூன்று பக்கமும் 5 மி.மீ. குறைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஓரம் வெளியே நீட்டி மடங்கும். முதலில் வெளியே வைத்து வரைந்து, மை காய அரைமணி நேரம் விட்டு, பிறகே ஒட்ட வேண்டும். வாஷி டேப் (காகிதத்தில் வரும் அலங்கார டேப்) வழக்கமாக 15 மி.மீ. அகலம் வரும், அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, பாதி ஒட்டுத்தாளிலும் பாதி தைத்த பக்கத்து வெற்றிடத்திலும் இருக்கும்படி கீல் மாதிரி ஒட்டினால் கதவுபோல் திறந்து மூடும். செல்லோ டேப் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகிப் பசை கசியும். தண்ணிப் பசை தாளைச் சுருக்கும். கோந்துக் குச்சி பரவாயில்லை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுத்த, வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையையும் இப்படியே அந்த வசனம் உள்ள பக்கத்தில் கீல் வைத்து ஒட்டலாம். மேசை டிராயரில் தொலைவதைவிட அது மேல். ஆனால் ஒட்டுத்தாள்கள் ஒரே இடத்தில் குவியக் கூடாது. சங்கீதப் புத்தகத்தில் மட்டும் இருபது ஒட்டினால் பைபிள் முதலை வாய் மாதிரி பிளந்து நிற்கும், தையலும் விட்டுப்போகும்.

தமிழில் வசனம் எழுதுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலக் காணொளிகளில் 'கீழே இழுக்கும்போது அழுத்து, மேலே போகும்போது லேசாக' என்பார்கள். வட்ட வட்டமான நம் எழுத்துக்கு அது ஒத்துவராது, றாவும் யியும் கட்டியாகிவிடும். பட்டை நுனிப் பேனாவை 45 பாகைச் சாய்வில் பிடித்து, அந்தச் சாய்வை மாற்றாமலே எழுதுங்கள். தடிமனும் மெலிவும் தானாக வரும். வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விடுங்கள்: ழ, ஞ, று எல்லாம் கீழே காலை நீட்டும், கி, றி மேலே கொக்கி போடும். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்ற சங்கீதம் 23:1-ல் 'மேய்ப்பராயிருக்கிறார்' ஒன்றே பதினோரு எழுத்து. முழு வசனத்தையும் அலங்காரமாக எழுதப் பார்த்தால் பாதியில் இடம் தீர்ந்து கடைசி வார்த்தை எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிடும். 'என் மேய்ப்பர்' என்பதை மட்டும் பெரிதாக எழுதி, மீதியைச் சாதாரணக் கையெழுத்தில் கீழே இடுங்கள். கடைசியாகப் புள்ளி. அலங்கரிக்கும் மும்முரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

வரைவதைவிட முக்கியம், எந்த வசனத்தை எடுக்கிறோம் என்பது. அதிகாரம் முழுவதையும் வாசிக்காமல் வசனத்தைப் பிடுங்காதீர்கள். 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற எரேமியா 29:11-ஐ எல்லாரும் பூப்போட்டு எழுதுகிறார்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அனுப்பிய கடிதம். முந்தின வசனமே எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது, அதற்கும் முன்னால் 'அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள்' என்கிறது. பூவுக்குப் பதில் ஒரு வீடும் வாழைக்கன்றும் வரைந்தால் அர்த்தம் கூடும். பரீட்சைக்குப் போகும்போது எழுதிக்கொள்ளும் 'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற பிலிப்பியர் 4:13-ம் அப்படியே. பவுல் அதைச் சிறையிலிருந்து, பட்டினியும் நிறைவும் இரண்டையும் பழகியவராகச் சொல்கிறார்.

தோழிகளோடு தொடங்க ரூத் ஆகமம் பொருத்தம். நாலே அதிகாரம், 85 வசனம். வாரம் ஒன்றாக நாலு வாரம். கல்யாணப் பத்திரிகையில் வரும் 'உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்' கணவனிடம் சொன்னதல்ல, விதவையான மருமகள் விதவையான மாமியாரிடம் சொன்னது என்ற ஒன்றை வைத்தே முதல் வாரம் பேசித் தீராது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்: இருபது நிமிஷம் ஒருவர் சத்தமாக வாசிக்க, பத்து நிமிஷம் மௌனம், நாற்பது நிமிஷம் வரைவது, மீதி பேச்சும் ஜெபமும். நேரம் வகுக்காவிட்டால் வாஷி டேப்பைத் தேர்ந்தெடுப்பதிலேயே சாயங்காலம் போய்விடும். பேனாக்களைப் பொதுவில் ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளலாம், செலவு குறையும்.

படம் வராதவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்காகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: பக்கத்தைக் காட்டும்போது "அழகா இருக்கு" என்று சொல்லாமல், "ஏன் இதை எடுத்த?" என்று கேட்பது.

பாட்டி விஷயம். அவருடைய பைபிளைத் திறந்து பாருங்கள், சிவப்புப் பென்சில் கோடும் ஓரத்தில் தேதியும் இருக்க வாய்ப்பு அதிகம். இசைமேதை பாக் வைத்திருந்த, 1733 என்று கையெழுத்திட்ட விளக்கவுரை பைபிள் இன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர இறையியல் கல்லூரியில் இருக்கிறது. 2 நாளாகமம் 5:13 அருகே, பக்தியான இசை இருக்கும் இடத்தில் தேவன் தம் கிருபையோடு இருக்கிறார் என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறார். இதைச் சொல்லியும் பாட்டி சமாதானமாகவில்லை என்றால் வாதாட வேண்டாம். திடப்படுத்தலுக்கோ உறுதிபூசுதலுக்கோ கிடைத்த பைபிளைச் சுத்தமாக வைத்துவிட்டு, இதற்கென்று விலை குறைந்த பிரதி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டேட்டஸில் படம் போடுவதற்கு முன் ஓரத்தை உற்றுப் பாருங்கள். தோழிக்காக எழுதிய ஜெபக் குறிப்பு, அவள் வீட்டுப் பிரச்சினை, ஸ்கேன் தேதி எல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும் போட்டாலும், உங்கள் குழுவில் இருப்பது நாலே பேர்.