2(அ+20), 2அ+20 இரண்டும் ஒன்றா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 2(அ+20)-ஐப் பிரித்து எழுதச் சொன்னால் 2அ+20 என்கிறாள். 3அ+2-ஐ 5அ என்று சுருக்குகிறாள். எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் அதே தப்பு. எப்படிப் புரியவைப்பது?
– ஒரு தாய், ராயக்கோட்டை

பதில்: விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் அம்மா. அ என்பது ஏதோ ஓர் எண் என்பது அவள் மனதில் இன்னும் பதியவில்லை. வெறும் எழுத்தாகத் தெரிவதால்தான் பக்கத்தில் இருப்பதையெல்லாம் கூட்டிவிடுகிறாள்.

உங்கள் ஊர்த் தக்காளி மண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி அ ரூபாய், ஏற்றுகூலி பெட்டிக்கு 20 ரூபாய் என்று வைப்போம். இரண்டு பெட்டிக்கு 2அ+20 என்று எழுதினால், ஒரு பெட்டிக்குத்தான் கூலி கொடுத்திருக்கிறாள். இன்னொரு பெட்டியைத் தூக்கியவருக்கு? அ-வுக்கு 300 போட்டால் 2(அ+20) 640 வரும். அவள் எழுதியது 620. 400 போட்டால் 840, 820. பெட்டி என்ன விலைக்குப் போனாலும் அதே 20 ரூபாய் குறையும். இதை அவளே கவனித்துச் சொல்லட்டும், அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

எண் போட்டுப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 3அ+2, 5அ இரண்டிலும் 1 போட்டால் 5 தான் வரும். "பார்த்தியாம்மா, சரிதானே!" என்பாள். 2 போடச் சொல்லுங்கள்: 8, 10. சோதிக்க 0, 1 வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ஓர் எண்ணுக்கு விடை மாறினாலே இரண்டும் சமமில்லை என்று முடிவு கட்டிவிடலாம். பொருந்தினால் மட்டும் சமம் என்று சொல்லிவிட முடியாது. அ², 2அ இரண்டும் 0-க்கும் 2-க்கும் ஒத்துப்போகும். 3 போட்டால் 9, 6 என்று பிரிந்துவிடும். சமம் என்று நிறுவ, அடைப்பைப் பங்கீட்டுப் பண்பின்படி (வெளியே உள்ள எண்ணால் உள்ளே உள்ள ஒவ்வொன்றையும்) பெருக்கி, ஒத்த உறுப்புகளை (அ உள்ளவற்றைத் தனியாக, வெறும் எண்களைத் தனியாக) சேர்த்துக் காட்டத்தான் வேண்டும்.

அடைப்புக்கு முன் கழித்தல் குறி வந்தால் கூடுதல் கவனம் தேவை. 10-(அ-3) என்பது 13-அ. பிள்ளைகள் பலர் 7-அ என்று எழுதிவிடுவார்கள்.

கணக்குகளை அடுக்கிக் கொடுப்பதைவிட, 4அ+12-க்குச் சமமான கோவைகளை அவளையே எழுதச் சொல்லுங்கள். 4(அ+3), 2(2அ+6), அ+3அ+12 என்று வரட்டும். அ-வுக்கு 5 போட்டால் எல்லாமே 32 வர வேண்டும். நடுவில் நீங்கள் 4(அ+12) என்று ஒன்றை எழுதிவையுங்கள். எண் போடாமலே அவள் அதைப் பிடித்துவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.