கடைசிப் பந்துக்குப் பிறகு ஐந்து நிமிடம்

கேள்வி: ஆண்டுதோறும் பொங்கலையொட்டி எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடத்துகிறோம். விழாக் குழுவுக்கு நான் செயலாளர். சென்ற ஆண்டு இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து உள்ளூர் அணி ஜெயித்ததும் மொத்தக் கூட்டமும் உள்ளே பாய்ந்துவிட்டது. சிக்ஸர் அடித்த பையனைத் தோளில் தூக்கி, கீழே போட்டுவிட்டார்கள். மணிக்கட்டு முறிந்து, இரண்டு மாதம் அவனால் சரக்கு ஆட்டோ ஓட்ட முடியவில்லை. இந்த ஆண்டு மைதானத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பு கட்டிப் போலீஸையும் நிறுத்த வேண்டும் என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். ஜனங்கள் உள்ளே வராவிட்டால் அது என்ன ஃபைனல் என்கிறார்கள் மீதிப் பேர். பிட்ச் பாழாகிவிடும் என்று தலைமையாசிரியர் தனியாகக் கவலைப்படுகிறார். நான் எந்தப் பக்கம் நிற்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: தலைமையாசிரியரை முதலில் சமாதானப்படுத்திவிடுவோம். டெஸ்ட் மைதானத்தில் பிட்சை மிதித்தால் அடுத்த ஆட்டம் கெடும் என்பது உண்மை. உங்களுடையது ஆண்டு முழுவதும் பிள்ளைகள் மிதித்து இறுகிய பள்ளிக்கூடத்துச் செம்மண். ஃபைனல் முடிந்த பிறகு அதற்கு வேறு வேலை இல்லை. மண் பிழைத்துக்கொள்ளும். மணிக்கட்டு உடைந்தால்தான் பிழைப்பு கெடும்.

இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் அல்லன். 1983 ஜூன் 25 அன்று, பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் முன்னால் இருபது பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து லண்டன் லார்ட்ஸ் மைதானத்து உலகக் கோப்பை ஃபைனலைப் பார்த்தவன். இந்தியா எடுத்த 183 ரன் போதவே போதாது என்று முடிவுகட்டியிருந்தோம். அதிலும் அதிகபட்சம் நம் ஸ்ரீகாந்த் எடுத்த 38தான். மேற்கிந்தியத் தீவுகள் 140-இல் சுருண்டது. கடைசி விக்கெட்டாக ஹோல்டிங்கை வீழ்த்திய மொஹிந்தர் அமர்நாத் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு பெவிலியனை நோக்கி ஓட, நாலாபக்கமிருந்தும் கூட்டம் உள்ளே ஓடி வந்தது. பிறகு பால்கனியில் கபில் தேவ் கோப்பையுடன் நின்றபோது கீழே புல்வெளியெங்கும் தலைகள். அந்தத் தலைகள் இல்லாமல் அது என்ன படம்? உங்கள் குழுவின் இரண்டாவது பாதிக்கு இருக்கும் ஏக்கம் எனக்கும் இருக்கிறது.

அதே காட்சியை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். உலகக் கோப்பையை வென்றவர்கள் முதலில் செய்த காரியம் என்ன? ஓட்டம் பிடித்தார்கள். அனுபவம் அப்படி. அதே லார்ட்ஸில் 1975 ஃபைனலில், ஆஸ்திரேலியாவின் கடைசி ஜோடியான லில்லியும் தாம்சனும் ஆடிக்கொண்டிருந்தார்கள். தாம்சன் அடித்த பந்தைப் பிடித்தவுடன் ஆட்டம் முடிந்தது என்று நினைத்துக் கூட்டம் பாய்ந்துவிட்டது. அது நோபால், அந்தக் கேட்ச் செல்லாது! மேற்கிந்தியத் தீவுகளின் ஃபிரெட்ரிக்ஸ் ஸ்டம்பை நோக்கி எறிந்த பந்து கூட்டத்துக்குள் காணாமல் போக, பேட்ஸ்மேன்கள் இருவரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். நடுவர் டிக்கி பேர்டின் வெள்ளைத் தொப்பியும் அன்று பறிபோனது. ஓர் ஆண்டு கழித்து லண்டன் பேருந்து ஒன்றில் நடத்துநரின் தலையில் அதைப் பார்த்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். தொப்பியோடு போனால் சிரிக்கலாம். 2001-இல் லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில், பாகிஸ்தான் வெற்றிக்குச் சில ரன்களே பாக்கியிருந்தபோது கூட்டம் புகுந்தது. தடுக்க நின்ற ஊழியர் ஒருவருக்கு விலா எலும்பு முறிந்தது. இங்கிலாந்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்து வெளியேறியது.

அப்படியானால் சவுக்குக் கம்பு கட்டச் சொல்பவர்கள் பக்கமா நான்? இல்லை. எனக்கு அதிகம் பயம் தருவது அந்த யோசனைதான்.

கூட்டத்தை உள்ளே விடாத வேலி கூட்டத்தை வெளியேயும் விடாது. இங்கிலாந்தின் கால்பந்து மைதானங்களில் ரசிகர்கள் உள்ளே இறங்கிச் சண்டை போடுகிறார்கள் என்று ஆளுயரத்துக்கு மேல் இரும்புக் கம்பி வேலி போட்டு வைத்திருந்தார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூல் ரசிகர்கள் நின்ற பகுதிக்குள் அளவுக்கு மீறி ஆட்களை விட்டுவிட்டார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் அந்த வேலியோடு நசுங்கினார்கள். மூச்சுக்குத் தவித்துக் கம்பியின்மேல் ஏறியவர்களைப் பார்த்து, மைதானத்துக்குள் புகப் பார்க்கிறார்கள் என்றுதான் போலீஸார் முதலில் நினைத்தார்கள். 97 பேர் இறந்தார்கள். பிறகு வேலிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். ஆடுகளத்தில் இறங்குவதைக் குற்றமாக்கி 1991-இல் சட்டம் போட்டார்கள். இன்றைக்கு அங்கே முதல் வரிசை ரசிகர் நினைத்தால் ஒரே தாவில் உள்ளே போகலாம். போனால் வழக்கு வரும். ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் போக வழி இருக்கிறது. உங்கள் சவுக்குக் கம்புகளுக்குப் பின்னால் பெண்களும் சிறு பிள்ளைகளும் நிற்பார்கள் என்பதைக் குழுவில் எடுத்துச் சொல்லுங்கள்.

போலீஸ் விஷயம். 1975 ஜனவரியில் மும்பை வான்கடே மைதானத்தின் முதல் டெஸ்ட். மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் கிளைவ் லாய்ட் இரட்டைச் சதம் அடித்ததும் கைகுலுக்க ஓர் இளைஞன் உள்ளே ஓடினான். ஓடியது தப்புத்தான். ஆனால் போலீஸார் அவனை அடித்த அடியைப் பார்த்த மைதானமே கொந்தளித்துக் கலவரமாகிவிட்டது. லத்தியோடு நிற்பவரைவிட, முக்கால்வாசிக் கூட்டத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த உள்ளூர் இளைஞர்கள் பத்துப் பேர் உங்களுக்கு உபயோகமாக இருப்பார்கள். காவல் நிலையத்தில் முன்கூட்டி எழுதிக் கொடுங்கள், அது முறை. வரும் போலீஸாரைச் சாலையிலும் வாசலிலும் நிற்கச் சொல்லுங்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு அணியின் முதல் ஐபிஎல் கோப்பையைக் கொண்டாட வந்தவர்களில் 11 பேர் நெரிசலில் இறந்தது சின்னசாமி மைதானத்தின் வாசல்களுக்கு வெளியேதான்.

இனி, உள்ளே விடுவதைப் பற்றி. இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்ட அணிகளின்) கிரிக்கெட் ஆட்டங்களில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. மதிய உணவு இடைவேளையில் பல மைதானங்களில் பார்வையாளர்களைப் புல்வெளிக்குள் விடுவார்கள். பிட்சைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். பெரியவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னவோ தாங்களே உருட்டித் தயாரித்த பிட்ச் போல அதை உற்றுப் பார்ப்பார்கள். பிள்ளைகள் ஓர் ஓரமாகப் பிளாஸ்டிக் மட்டையோடு ஆடுவார்கள். மணி அடித்ததும் எல்லோரும் இருக்கைக்குத் திரும்புவார்கள். ஆஸ்திரேலியாவிலும் சில கால்பந்து ஆட்டங்கள் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக உள்ளே போய்ப் பந்து உதைக்க விடுகிறார்கள். ஆட்டக்காரர்கள் வெளியே போன பிறகு வாசலைத் திறந்து நடந்து வரச் சொன்னால் ஜனங்கள் நடந்துதான் வருகிறார்கள். எப்போது துரத்துவார்களோ என்ற பயம் இருக்கும்போதுதான் ஓடுகிறார்கள்.

எனவே எல்லையில் கயிறு மட்டும் கட்டுங்கள், கம்பு வேண்டாம். கயிற்றில் நான்கு இடத்தில் அகலமாக இடைவெளி விடுங்கள். கடைசி ஓவருக்கு முன்பே பள்ளியின் இரண்டு இரும்புக் கதவுகளையும் திறந்து வைத்து, அங்கே நிற்கும் பைக்குகளை அகற்றச் சொல்லுங்கள். கடைசிப் பந்து முடிந்ததும் நடுவர்கள் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொள்ளட்டும். கூட்டத்தில் ஸ்டம்பு கண்ணைக் குத்தும். இரண்டு அணியினரும் பள்ளி வராந்தாவுக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம். யாராவது முந்திக்கொண்டு ஓடி வந்தால் ஆட்டக்காரர்கள் அவரைப் பிடிக்கப் போகக் கூடாது. 1982-இல் பெர்த் மைதானத்தில், தலையில் தட்டிவிட்டு ஓடிய ரசிகரைத் துரத்திப் போய் விழுத்தாட்டிய ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் டெர்ரி ஆல்டர்மேனின் தோள்பட்டை நழுவி, அவர் நெடுங்காலம் பந்துவீச முடியாமல் போனது. அந்த ஐந்து நிமிடம் முடிந்ததும் இடைவெளிகளைத் திறந்து எல்லோரையும் உள்ளே கூப்பிடுங்கள். பரிசளிப்பு மேடையைச் சாமியானாப் பந்தலுக்குள் ஒளித்து வைக்காமல் மைதானத்தின் நடுவிலேயே போடுங்கள். தலைவர்களின் உரையைக் குறைத்தால் இன்னும் நல்லது. தோளில் தூக்குவதற்கு மட்டும் கண்டிப்பாகத் தடை.

உங்கள் கடிதத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அந்தப் பையனின் மருத்துவச் செலவை யார் கொடுத்தது? ஆட்டோ ஓடாத இரண்டு மாதத்துக்குக் குழு ஏதாவது செய்ததா? செய்யவில்லையென்றால் இந்த ஆண்டு வசூலாகும் நுழைவுக் கட்டணத்தில் முதல் செலவாக அதை எழுதுங்கள், கோப்பை வாங்குவதற்கும் முன்னால். வீட்டுக்குப் போய், குழு சார்பில் வருத்தம் சொல்லி, பணத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் மனம் இறங்கினால், ஃபைனல் அன்று கடைசி ஓவருக்கு முன் மைக்கை அவர் கையில் கொடுங்கள். 'ஐந்து நிமிடம் பொறுங்கள்' என்று நீங்கள் சொன்னால் கேட்காத கூட்டம், அவர் சொன்னால் கேட்கும்.