மொய்யைக் கொடுத்தனுப்பும் தாய்மாமன்

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 54 வயது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். முப்பது வருஷமாக ஒரே கட்சி. எந்தக் கட்சியை எதிரி என்று சொல்லி எங்களை வளர்த்தார்களோ, அதனோடு இப்போது கூட்டணி என்கிறார்கள். மேலிடத்து உத்தரவு என்பதால் இரண்டு கொடியையும் நானேதான் பக்கத்தில் பக்கத்தில் கட்டினேன். மனசு ஆறவில்லை. என் அக்கா வீட்டுக்காரர் மூன்று கட்சி மாறியவர். அவர் டீக்கடையில் நாலு பேர் முன்னால், "உன் கொள்கை இப்ப எங்க மாப்ள?" என்று கேட்டுச் சிரித்தார். வாய்த்தகராறாகி, கச்சத்தீவு வரைக்கும் போய், எட்டு மாசமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவேன், அது ஒரு பிரச்சினை இல்லை. நான் கட்சியில் இருப்பதா, விலகுவதா? கொள்கையே இல்லாத அரசியலில் எனக்கு ஓட்டு எதற்கு?

பதில்: "அது ஒரு பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அதைத்தான் முதலில் பேசப்போகிறேன். கட்சிகளின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். நான் எடுத்துவிட்டேன். எந்தப் பெயரைப் போட்டாலும் இந்தக் கடிதம் மாறாது. தேர்தல் நெருங்கும் ஒவ்வொரு முறையும் இதே மாதிரி எனக்கு வந்துகொண்டிருக்கிறது.

மொய்யைக் கொடுத்தனுப்புவது தூரத்துச் சொந்தம் செய்கிற வேலை. வெளிநாட்டில் இருப்பவர் செய்யலாம், படுத்த படுக்கையாகக் கிடப்பவர் செய்யலாம். நீங்கள் தாய்மாமன். அந்தப் பெண்ணுக்குக் காது குத்தியபோது யார் மடியில் உட்கார வைத்தார்கள்? அவள் சடங்குக்கு யார் வீட்டிலிருந்து சீர் போனது? கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுபவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தாய்மாமன் மொய்யோடு ஆரம்பிக்கக் காத்திருப்பார். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கவரை நீட்டுவான். மைக்கில் உங்கள் பெயரை வாசிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்து, "பொண்ணுக்கு மாமா எங்க, வரலையா?" என்று உங்கள் அக்காவிடம்தான் கேட்பார்கள். அவர் என்ன சொல்ல வேண்டும்? "எங்க கட்சி வேற, அவன் கட்சி வேற" என்றா?

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அக்கா வீட்டுக்காரர் என்று ஒரு இடம், அக்கா மகள் என்று ஒரு இடம். அக்கா அக்காவாக எங்கேயுமே இல்லை. எட்டு மாசமாக அவர் என்ன நினைக்கிறார், உங்களுக்குப் போன் செய்தாரா, நீங்கள் எடுத்தீர்களா, ஒரு வரி கிடையாது. கட்சி மாறியவர் அவர் புருஷன். அக்கா மாறவில்லையே. எந்தக் குற்றத்துக்காக அவருக்குத் தம்பி இல்லாமல் போனது?

சரி, கொள்கைக்கு வருவோம். மனசு ஆறவில்லை என்கிறீர்கள். முப்பது வருஷமாகக் கட்சியில் இருப்பவர் எதையெல்லாம் பார்த்திருப்பீர்கள் என்று எனக்கும் தெரியும். 1998-ல் பா.ஜ.க.வோடு நின்றது அ.தி.மு.க. அடுத்த வருஷம் அது ஆதரவை விலக்க, வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. அந்த வருஷத் தேர்தலிலேயே பா.ஜ.க. பக்கம் தி.மு.க. நின்றது. 2004-ல் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. 2023 செப்டம்பரில் முறிந்த அ.தி.மு.க., பா.ஜ.க. கூட்டணி 2025 ஏப்ரலில் ஒட்டிக்கொண்டது. உங்களுக்கு முந்தின தலைமுறை இதைவிடக் கடுமையானதைப் பார்த்தது. 1976 ஜனவரியில் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தது இந்திரா காந்தி அரசு. எமர்ஜென்சியில் மிசா சட்டத்தில் ஜெயிலுக்குப் போய் அடிபட்ட தொண்டர்கள், 1980-ல் அதே இந்திரா காங்கிரசுக்கு ஓட்டுக் கேட்டு வீதியில் நடந்தார்கள்.

நம் ராமநாதபுரம் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் காங்கிரசிலிருந்து பிரிந்த தமிழ் மாநில காங்கிரஸ் இங்கே ஜெயித்தது, 2002-ல் அந்தக் கட்சி திரும்பக் காங்கிரசோடு சேர்ந்துவிட்டது. 2014-ல் இரட்டை இலையில் எம்.பி. ஆன அன்வர் ராஜா 2025-ல் தி.மு.க.வுக்குப் போனார். அ.தி.மு.க.வில் முதல்வராக இருந்த ஓ. பன்னீர்செல்வம் 2024-ல் இங்கே வந்து பலாப்பழச் சின்னத்தில் நின்றார்.

இவ்வளவும் கண் முன்னால் நடந்தது. அப்போதெல்லாம் உங்களுக்குக் கட்சியை விடத் தோன்றவில்லை, எனக்குக் கடிதமும் எழுதவில்லை. மச்சான் டீக்கடையில் சிரித்த பிறகு தோன்றுகிறது. அப்படியானால் உறுத்துவது கூட்டணி இல்லை தம்பி. நாலு பேர் முன்னால் பதில் சொல்ல முடியாமல் நின்றதுதான் உறுத்துகிறது. ரோசத்துக்குக் கொள்கை என்று பேர் வைத்திருக்கிறீர்கள்.

கூட்டணி வைக்குமுன் உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பீர்கள். கை காசைப் போட்டுக் கொடி கட்டியவருக்கு அந்தக் கோபம் வரத்தான் வேண்டும். அதை எங்கே கொண்டு போனீர்கள்? கிளைக் கூட்டத்தில் எழுந்து, "நேற்று வரைக்கும் எதிரி என்றீர்கள், இன்று எந்தக் காரணத்தால் தோழன்?" என்று கேட்டீர்களா? ஒன்றியச் செயலாளரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். மேலே இருப்பவர் நீட்டிய கொடியை வாங்கிக் கட்டிவிட்டு, அவரிடம் காட்ட வேண்டிய முறைப்பை மச்சானிடம் காட்டினீர்கள். மச்சான் உங்களைக் கட்சியை விட்டு நீக்க முடியாது, அந்தத் தைரியம்தான். கட்சித் தலைவர்களுக்குள் நடந்த பழைய சண்டையை அவர்கள் மறந்துவிட்டார்கள். நீங்கள் அதை அக்கா வீட்டு வாசலில் போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கச்சத்தீவு வரைக்கும் போனதாம் சண்டை. 1974-ல் அந்தத் தீவை இலங்கைக்குக் கொடுத்து ஒப்பந்தம் போட்டபோது டெல்லியில் காங்கிரஸ், சென்னையில் தி.மு.க. ஒப்பந்தத்தை எதிர்த்து அந்த வருஷமே சட்டசபையில் தீர்மானமும் போட்டார்கள். 1976-ல் மீன்பிடிக்கும் உரிமையும் போனது. 1991-ல் மீட்போம் என்று ஜெயலலிதா ஆட்சியில் தீர்மானம், 2008-ல் சுப்ரீம் கோர்ட்டில் அவர் போட்ட வழக்கு. 2024 தேர்தலில் பிரதமரே அதை எடுத்துப் பேசினார். இத்தனை பேர் கையில் அதிகாரம் இருந்தும் தீராத விஷயத்தை, ஒரு டீக்கடை பெஞ்சில் மச்சானும் மாப்பிள்ளையும் சத்தம் போட்டுத் தீர்த்துவிடுவீர்களா?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசியுங்கள். நாளைக்கே உங்கள் படகை இலங்கைக் கடற்படைக்காரர்கள் நெடுந்தீவுப் பக்கத்தில் மடக்கிக் காங்கேசன்துறைக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று வையுங்கள். யாழ்ப்பாணம் ஜெயிலில் நீங்கள் இருக்கிறீர்கள். இங்கே மீன்வளத்துறை ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் உங்கள் மனைவியோடு ஆதார் நகலும் மனுவும் தூக்கிக்கொண்டு அலையப் போவது யார்? கட்சிக்காரர் முதல் நாள் வருவார், போட்டோ எடுத்துக்கொள்வார். மறுநாளிலிருந்து மச்சான்தான். நீங்கள் பேசாமல் இருக்கும் இந்த எட்டு மாசத்திலும் அவர்தான். அவர் எந்தக் கட்சியில் இருந்தாலும் அவர்தான்.

அவர் செய்ததும் சரி என்று சொல்லமாட்டேன். மைத்துனனை வெளியில் வைத்துக் கேலி செய்யக் கூடாது. வீட்டுக்குள் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கட்சி மாறியதைத் துரோகம் என்று நான் நினைக்கவில்லை. குடிமகனுக்கு ஒரு கட்சி பிடிக்காமல் போனால் இன்னொன்றுக்குப் போகலாம், அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. தாய்மாமன் மாறிக்கொள்ள முடியாது. அந்தப் பெண்ணுக்கு வேறு ஆள் கிடையாது.

கட்சியில் இருப்பதா விலகுவதா என்பதைக் கல்யாணம் முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள். அதற்கு முன் கிளைக் கூட்டத்தில் அந்தக் கேள்வியை வாய் திறந்து கேளுங்கள். பதில் சொன்னால் இருங்கள். "மேலிடம் பார்த்துக்கும், நீ கொடியைக் கட்டு" என்றால் வந்துவிடுங்கள். ஓட்டைப் போடாமல் இருக்காதீர்கள். மீன்பிடித் தடைக்காலம் 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61 நாள் ஆகிவிட்டது. அந்த நாட்களில் உங்கள் வீட்டு அடுப்புக்கு என்ன வழி, டீசல் மானியம் என்ன ஆகிறது, பிடிபட்ட படகுக்கு என்ன இழப்பீடு, இதையெல்லாம் முடிவு செய்பவர்கள் ஓட்டு வாங்கித்தான் அங்கே போகிறார்கள். வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரை நிறுத்தி இதைக் கேளுங்கள். அவர் பக்கத்தில் எந்தக் கொடி பறக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் போட வேண்டும். போடுவதா வேண்டாமா என்று அக்கா யாரிடம் கேட்பார்? அச்சுக்குக் கொடுக்குமுன் போய்விடுங்கள். ஆள் விட்டுச் சொல்லி அனுப்பாதீர்கள், மனைவியைக் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள். முதலில் அக்காவிடம் பேசுங்கள். மச்சான் திண்ணையில் உட்கார்ந்து இன்னொரு முறை கேலி செய்தாலும் செய்வார். பதில் பேசாமல், சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா, மாலைக்கு யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று அவரிடமே கேளுங்கள்.